காருக்கும் ஒரு மூளை உண்டு!

'கார் பழுதென்றால் அது ஆண்கள் பாடு, நமக்கென்ன?' என்று இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒரு வீட்டில் கார் நின்றால் அதோடு சேர்ந்து பல காரியங்கள் நின்றுவிடுகின்றன. பிள்ளைகளின் பாடசாலைப் பயணம் நிற்கும். வயதான உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது நிற்கும். அந்தக் காரை ஓட்டித்தான் அடுப்பெரிகிறது என்றால் அடுப்பும் நிற்கும். மெக்கானிக் கேட்கும் தொகை கடைசியில் வெளியே வருவதும் நமது அலுமாரியிலிருந்துதானே!

2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில், யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருக்கும் என் ராத்தாவின் வீட்டில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அதிலிருந்து காரைப் பற்றிச் சில விஷயங்களைக் கற்றுக் கொண்டோம். நம்மைப் பற்றியும் கொஞ்சம் கற்றுக் கொண்டோம்.

நின்றுபோன கார்

மச்சானிடம் இருப்பது 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு கார். காலையிலும் மத்தியானத்திலும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவார். மற்ற நேரங்களில் ஹயர் ஓடுவார். 'இவ்வளவு பழைய காரை ஏன் வைத்துக் கொண்டிருக்க வேண்டும்?' என்று கேட்கலாம். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை கூட எட்டாத உயரத்துக்குப் போனது. இருப்பதைப் பேணி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு நாள் சுபஹுக்குப் பின் மச்சான் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுழன்றது, என்ஜின் பிடிக்கவில்லை. தள்ளிப் பார்த்தும் பலனில்லை. கராஜிலிருந்து வந்து பார்த்தவர், "கம்பியூட்டர் பொக்ஸ் போயிட்டுது. வேற பொக்ஸ் போட்டால்தான் ஓடும்" என்றார்.

புதிய பெட்டி அந்தக் காருக்கு எங்கும் கிடைக்காது. கொழும்பு பஞ்சிகாவத்தையில், கழற்றிய ஜப்பான் கார்களின் பாகங்கள் விற்கும் ஒரு கடையில் பாவித்த பெட்டி இருப்பதாகத் தெரிந்தது. அதன் விலை மச்சானின் ஒரு மாத உழைப்பைத் தாண்டியது. ராத்தா தையல் வேலை செய்து கட்டிவந்த சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மூத்த மகளைக் கொழும்பில் ஒரு பயிற்சி நெறியில் சேர்ப்பதற்கென்று வைத்திருந்த பணம் அது. "கார் ஓடினால் பிறகு சேர்த்துக் கொள்ளலாம்" என்று எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் பார்சலாக வந்த பெட்டியைப் பூட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வீடே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சி பதினொரு நாள்தான். வேலணைக்கு ஹயர் போய்த் திரும்பும்போது, மஃரிப் நேரம், பண்ணைப் பாலத்தின் நடுவில் கார் நின்றது. இரண்டு பக்கமும் கடல். பின் ஆசனத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய். வேறு வாகனம் பிடித்து அவர்களை அனுப்பிவிட்டு, காரைக் கயிறு கட்டி இழுத்து வரும்போது இஷாவும் தாண்டிவிட்டது.

"இந்தப் பொக்ஸும் போயிட்டுது" என்றது கராஜ். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கொழும்புக் கடைக்காரர் பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்! வீட்டில் சொன்னோம். பக்கத்து வீட்டில் சொன்னோம். கல்யாண வீட்டில் சொன்னோம். இரண்டு நாளில் அந்தக் கடையின் பெயர் தெரு முழுக்க 'ஏமாற்றுக் கடை' ஆகிவிட்டது. நானும் தொலைபேசியில் நாலு பேரிடம் சொன்னேன்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

கடைசியாக மச்சான் போய் நின்றது வயதான ஒரு தமிழ் மெக்கானிக்கின் வாசலில். யாழ்ப்பாணத்தின் பழைய கார்களைத் தெரிந்தவர்களுக்கு இப்படிப்பட்ட மனிதர்களையும் தெரிந்திருக்கும். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்று 1940களின் கடைசியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார்கள் குடாநாட்டு வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது இவர்களுடைய கைகளால்தான்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைப் பொருட்களாயின. அப்போது இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினைப் பிடிக்க வைப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகையும் நாற்றமும் தாங்காது. ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தன. அந்த என்ஜின்களின் அழுத்த விகிதம் குறைவு, ஏறத்தாழ ஏழுதான். அதனால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக் கொண்டன. அவற்றில் கம்பியூட்டர் என்று எதுவும் இருக்கவில்லை. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் திருகிச் சரி செய்யக் கூடியவை.

அந்தக் காலத்தை நாங்கள் ஊரிலிருந்து பார்க்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் குடும்பமும் கையில் எடுத்ததோடு புறப்பட்டு, மற்ற ஆயிரக் கணக்கானோரைப் போலப் புத்தளத்தில் தங்கியது. இரும்புக் கடை, லொறி, தையல், நகைத் தொழில் என்று ஊரில் வாழ்ந்தவர்கள் எல்லாவற்றையும் விட்டுத்தான் வந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு ராத்தாவும் மச்சானும் திரும்பிப் போய், இடிந்த சுவர்களுக்கு நடுவே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அந்தக் காரும் அப்படித் தொடங்கிய வாழ்க்கையின் ஒரு பகுதி.

முதியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொக்ஸ் செத்தது உண்மைதான். ஆனா பொக்ஸைக் கொன்றது ஆர் எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாராம். மச்சானிடம் பதில் இல்லை.

இந்த மூளை என்ன செய்கிறது?

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்து கொள்வோம். பழைய கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபரேட்டர். அது கைப்பக்குவத்தில் உப்புப் போடும் சமையற்காரி மாதிரி. பெரும்பாலும் சரியாக வரும், சில நாள் கூடும், சில நாள் குறையும். 1967இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம், வொக்ஸ்வாகன் கார்களுக்காக மின்னணு முறையில் பெற்றோலைப் பீச்சும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. 1979இல் பெற்றோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி கவனிக்கும் முறை பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. 1990களில் ஜப்பான் கார்களில் இது சாதாரணமாகிவிட்டது.

என்ஜினின் பல இடங்களில் சிறு சிறு உணர்கருவிகள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் இவற்றை 'சென்சர்' என்பார்கள். என்ஜின் தண்ணீரின் சூடு எவ்வளவு, உள்ளே போகும் காற்று எவ்வளவு, அக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கப்படுகிறது, என்ஜின் எந்த வேகத்தில் சுழல்கிறது என்று இவை பெட்டிக்கு ஓயாமல் செய்தி அனுப்பும். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றபடி இன்ஜெக்டர் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும், தீப்பொறி எப்போது வர வேண்டும் என்று பெட்டி கட்டளையிடும்.

என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், நாலு சிலிண்டர் காரில் வினாடிக்கு 100 தீப்பொறி தேவை. ஒவ்வொன்றையும் பெட்டி கணக்குப் பார்க்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முன் ஆசனத்துக்கு எதிரே, கையுறைப் பெட்டிக்குப் பின்னாலோ காலடியிலோ ஒளிந்திருக்கும் ஒரு தகரப் பெட்டிதான் அது.

ஒளிந்திருப்பதால்தான் அதன் மீது பழி எளிதாக விழுகிறது. கார் பிடிக்காததற்கு ஒரு கழன்ற வயரோ, துருப்பிடித்த எர்த்தோ, ஒரு பியூஸோ, ரிலேயோ, சென்சரோ காரணமாக இருக்கலாம். பெட்டியை விட இவையே அதிகம் கெடுபவை. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை வேண்டும். 'கம்பியூட்டர் போய்விட்டது' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ராத்தாவின் கொப்பி

முதியவர் காரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். ராத்தா தேநீர் கொண்டு வந்து வைத்தபோது, "இந்தக் காரில வேற ஏதும் கரைச்சல் இருந்ததோ?" என்று பொதுவாகக் கேட்டார். மச்சான், "ஒண்டுமில்லை ஐயா, நல்லாத்தான் ஓடினது" என்றார்.

ராத்தா கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னார்: "லைட் பல்ப் மட்டும் அடிக்கடி போகுது ஐயா."

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தினை தரம்?"

ராத்தா உள்ளே போய்த் தன் கணக்குக் கொப்பியை எடுத்து வந்தார். வீட்டுச் செலவு, தையல் வரவு, காரின் செலவு எல்லாம் அதில் திகதி போட்டு எழுதியிருந்தது. நாலு மாதத்தில் முன் லைட் பல்ப் மூன்று தரம், பின் லைட் பல்ப் இரண்டு தரம். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர்ப் போத்தல் முன்பெல்லாம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. அந்த நாலு மாதத்தில் ஆறு. பற்றரியின் மூடிகளைச் சுற்றி ஈரம் கசிவதையும், கிட்டப் போனால் மூக்கில் அடிக்கும் ஒரு நெடியையும் ராத்தா கவனித்திருக்கிறார்.

"ஏன் பிள்ளை, இதை முந்தியே சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லையே, ஐயா."

முதியவர் வேறு எதையும் தொடாமல் ஆல்டனேட்டரைக் கழற்றச் சொன்னார். என்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் உண்டாக்கிப் பற்றரியை நிரப்புவது அதன் வேலை. ஓட்டோ எலெக்ரீசியன் கடையில் மேசை மேல் பூட்டிச் சுழற்றிப் பார்த்தார்கள். சரியான ஆல்டனேட்டர் 13.5 முதல் 14.5 வோல்ற் வரை தர வேண்டும். அதற்கு மேல் ஏறாமல் பிடித்து வைப்பது அதற்குள் இருக்கும் ரெகுலேட்டர் என்ற சிறிய பாகம். மீற்றர் முள் பதினேழைத் தாண்டியது.

ரெகுலேட்டர் கெட்டிருந்தது. பல மாதமாக அந்தக் காருக்குள் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து கொண்டிருந்திருக்கிறது. பல்புகள் கருகின. பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றியது. கடைசியில் பெட்டியும் கருகியது. காரணம் அப்படியே இருக்க அடுத்த பெட்டியைப் பூட்டியதால் அதுவும் பதினொரு நாளில் கருகியது. ஆல்டனேட்டர் கெட்டால் எச்சரிக்கும் சிவப்பு பற்றரி விளக்கு அந்தக் காரில் ஒரு நாளும் எரியவில்லை. எச்சரித்தவை பல்புகளும் தண்ணீர்ப் போத்தலும்தான். அவை ராத்தாவின் கொப்பியில் இருந்தன.

ரெகுலேட்டரின் விலை, பெட்டிக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் மிகவும் சொற்பம். அதை மாற்றிய பிறகு, நகரில் ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் ஒருவரிடம் இரண்டு பெட்டிகளையும் கொடுத்தார்கள். காரோடு வந்த முதல் பெட்டியில் மின்சாரம் நுழையும் பகுதியில் ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு கெப்பாசிட்டர்களும் போயிருந்தன. அவற்றை மாற்றியதும் பெட்டி உயிர் பெற்றது. கொழும்பிலிருந்து வந்ததில் பிரதான சில்லே கருகியிருந்தது, அது பயன்படவில்லை. இன்றும் கார் தன் சொந்த மூளையோடுதான் ஓடுகிறது.

பெட்டி எப்படிக் கெடுகிறது?

அதிக வோல்ற் தவிர வேறு காரணங்களும் உண்டு. பழைய பெட்டிகளுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சிறிய உருளை போன்றவை. உள்ளே இரசாயனத் திரவம் இருக்கும். இருபது முப்பது வருடத்தில் அது கசிந்து, செப்புக் கோடுகளை அரித்துவிடும். 1990களின் தொடக்கத்தில் வந்த சில ஜப்பான் கார்களில் இது பரவலாகக் கண்டறியப்பட்ட குறை. பெட்டியைத் திறந்ததும் மீன் நாற்றம் போல ஒரு நாற்றம் வரும்.

தண்ணீர் மற்றொரு எதிரி. முன் கண்ணாடி ஓரத்து ரப்பரால் மழை நீர் இறங்கினாலும், ஏ.சி.யின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக் கொண்டாலும் காலடிக் கம்பளம் ஈரமாகும். அந்த ஈரம் பெட்டியைத் தொட்டால் பின்கள் பச்சை பூக்கும். கடற்காற்று வீசும் நமது ஊரில் வயர் முனைகளும் எர்த் போல்ட்டுகளும் விரைவில் துருவேறும்.

பற்றரியைக் கூட்டல் கழித்தல் மாற்றிக் கொடுத்துவிட்டாலோ, பற்றரியைக் கழற்றாமல் காரின் உடம்பில் வெல்டிங் செய்தாலோ பெட்டிக்கு ஆபத்து. பெட்டி கட்டளையிடும் ஏதாவது ஒரு பாகத்தின் சுருள் உள்ளே ஷோர்ட் ஆகியிருந்தாலும் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகும். அந்தப் பாகத்தை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

மாற்று முன் கேளுங்கள்

மெக்கானிக்கோடு வாதாட வேண்டியதில்லை. மரியாதையாகச் சில கேள்விகளைக் கேட்டால் போதும். தன் வேலையை நன்கு தெரிந்தவர் இவற்றைக் கேட்டு மகிழத்தான் செய்வார்.

1. சாவியை 'ஓன்' நிலைக்குத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன் டாஷ்போர்டில் என்ஜின் வடிவ விளக்கு எரிகிறதா? எரிந்து, என்ஜின் பிடித்ததும் அணைவதே முறை. எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், பெட்டிக்கு மின்சாரமோ எர்த்தோ வராமல் இருக்கலாம், அல்லது பெட்டியே செத்திருக்கலாம். எது என்று பார்க்க வேண்டும்.

2. பற்றரியின் வோல்ற் என்ன? ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 காட்டும். என்ஜின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் உடனே நிறுத்தி ஆல்டனேட்டரைப் பாருங்கள். கார் ஓடவே இல்லையென்றால் ஆல்டனேட்டரைக் கழற்றிச் சோதிக்கலாம்.

3. பெட்டியின் பியூஸ், ரிலே, என்ஜினில் பூட்டிய எர்த் வயர்கள் எல்லாம் பார்த்தாயிற்றா? துருவைச் சுரண்டி இறுக்கினாலே ஓடிய கார்கள் உண்டு.

4. பழுதுக் குறியீட்டைப் படித்தீர்களா? 1990களின் பல டொயோட்டா கார்களில் இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. என்ஜின் பகுதியில் இருக்கும் சிறு சோதனைப் பெட்டியில் 'டி.ஈ.1', 'ஈ.1' என்ற இரு துளைகளை ஒரு வயரால் இணைத்தால் என்ஜின் விளக்கு கண் சிமிட்டும். இரண்டு தரம் சிமிட்டி, சற்று நிறுத்தி, மீண்டும் இரண்டு தரம் சிமிட்டினால் 22. தண்ணீர்ச் சூட்டுச் சென்சரில் கோளாறு என்று பொருள். ஆனால் பெட்டியே செத்திருந்தால் அது தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது.

5. பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் சரியாக வருகின்றன, சென்சர்களின் செய்தியும் வருகிறது, ஆனால் கட்டளை மட்டும் வெளியே வரவில்லை என்று அளந்து பார்த்தீர்களா? அப்போதுதான் பெட்டி கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

6. கடைசிக் கேள்வி, எல்லாவற்றிலும் முக்கியமானது: பெட்டியைக் கெடுத்தது எது? அதைச் சரி செய்தாயிற்றா?

வாங்கும்போதும் பூட்டும்போதும்

பெட்டி உண்மையில் கெட்டுவிட்டால் முதலில் திருத்த முடியுமா என்று பாருங்கள். கசிந்த கெப்பாசிட்டர்களை மாற்றுவது கைதேர்ந்த மின்னணு வேலைக்காரருக்குப் பெரிய காரியமல்ல. முடியாது என்றால் மட்டுமே வேறு பெட்டி.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இலக்கத்தை ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக் கொள்ளுங்கள். டொயோட்டாவில் அது பெரும்பாலும் 89661 என்று தொடங்கும். அதற்குப் பின் வரும் ஐந்து இலக்கங்கள்தான் எந்த என்ஜின், கையால் மாற்றும் கியரா, ஓட்டோமெற்றிக்கா என்பதை வேறுபடுத்துபவை. 'அதே மாடல் கார்தான்' என்ற சொல்லை நம்பி வாங்கினால் பின்கள் பொருந்தும், கார் ஒழுங்காக ஓடாது. 2000ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த பல கார்களில் சாவிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. அந்தச் சாவியை அடையாளம் தெரியாத பெட்டியைப் பூட்டினால் என்ஜின் பிடிக்காது. அப்படியானால் சாவியும் பெட்டியும் சேர்ந்து வர வேண்டும், அல்லது ஒன்றுக்கொன்று பழக்கிவிடத் தெரிந்தவர் வேண்டும்.

கழற்று முன் சாவியை எடுத்துவிட்டுப் பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்ற வேண்டும். பெட்டியின் பின்களை விரலால் தொடக் கூடாது. பழைய பெட்டியைக் கராஜிலேயே விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். ராத்தா வீட்டைக் காப்பாற்றியது அந்தப் பழைய பெட்டிதான்.

குற்றம் யாருடையது?

கார் ஓடத் தொடங்கிய அன்று இரவு மச்சான், "இனிக் கொழும்புக் கடைக்காரரோடு பேசிப் பணத்தைத் திருப்பி எடுக்க வேண்டும்" என்றார். பொக்ஸ் செத்துத்தானே இருக்கிறது. எப்படிச் செத்தது என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது? சீட்டுப் பணம் போய்விட்டது. மகளின் படிப்பு தள்ளிப் போகிறது. பணம் திரும்பினால் எல்லாம் சரியாகும். பக்கத்தில் இருந்த உறவினரும் 'கேளுங்கள்' என்றே சொன்னார்கள்.

ராத்தா மட்டும் மறுத்தார். "அந்த மனுசர் தந்த பொக்ஸ் நல்லாத்தானே ஓடினது. கொன்றது எங்கட கார். அதை அவர்ட தலையில கட்டினா அந்தப் பணம் எங்களுக்கு ஹலாலாகுமா?"

மார்க்கச் சட்டத்தில் 'கியாருல் ஐப்' என்று ஒரு விதி இருக்கிறது. வாங்கிய பொருளில், விற்றவரிடம் இருந்தபோதே மறைந்திருந்த குறை பின்னர் தெரிய வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. வாங்கியவரின் கைக்கு வந்த பிறகு ஏற்பட்ட குறைக்கு விற்றவர் பொறுப்பல்லர். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. விற்பவர் குறையை மறைப்பது பற்றி இதை நாம் அடிக்கடி சொல்கிறோம். வாங்கியவர் தன் பக்கத்து உண்மையை மறைத்துப் பணம் கேட்பதும் ஈரத் தானியத்தை உள்ளே மறைப்பது போன்றதுதானே!

பணத்தோடு முடியும் விஷயமும் இல்லை இது. விசாரிக்காமல் ஒரு மனிதரை ஏமாற்றுக்காரர் என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தோம். செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும், வீண் சந்தேகத்தைத் தவிர்க்க வேண்டும் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தருகிறது. அதை ஓதும் வாயாலேயே சொல்லியிருந்தோம்.

மறுநாள் ராத்தா மச்சானைப் பக்கத்தில் இருத்தித் தொலைபேசியை எடுக்கச் சொன்னார். நடந்ததை எல்லாம் மச்சான் சொல்லி, "உங்களைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டோம், மன்னித்துக் கொள்ளுங்கள்" என்றார். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆல்டனேட்டரில எத்தனை வோல்ற் இருந்தது?" சொன்னதும், "இனிப் பெட்டி அனுப்பும்போது, பூட்ட முன் சார்ஜிங் பாருங்கள் என்று ஒரு துண்டு எழுதி வைக்கிறேன்" என்றாராம்.

ராத்தா அதோடு விடவில்லை. யார் யாரிடம் 'ஏமாற்றுக் கடை' என்று சொன்னோமோ அவர்களிடமெல்லாம் போய், 'அது எங்கள் காரின் பிழை' என்று சொன்னார். எனக்கும் தொலைபேசி வந்தது. நான் சொன்ன நாலு பேரையும் நானும் தேடிச் சொன்னேன். பழி சொல்லும்போது இருந்த சுறுசுறுப்பு இதற்கு இருக்கவில்லை என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும்.

பணம் திரும்பவில்லை. மகள் பயிற்சி நெறியில் அடுத்த தொகுதியோடுதான் சேர்ந்தாள். ராத்தா மறுபடி சீட்டுக் கட்டத் தொடங்கினார்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் கார், வேன், முச்சக்கர வண்டி எது இருந்தாலும் அதற்கென்று கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எப்போது பல்ப் மாற்றினோம், எப்போது பற்றரிக்குத் தண்ணீர் விட்டோம், எந்த விளக்கு எப்போது எரிந்தது, என்ஜின் சூட்டில் நின்றதா குளிரில் நின்றதா என்று திகதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள். கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் போகட்டும். யாரும் கேட்காவிட்டால், கதவோரத்தில் நின்றாவது நீங்களே சொல்லிவிடுங்கள்.

ராத்தாவின் கொப்பியில் இப்போது மாதம் ஒரு தரம் ஒரு புதிய வரி வருகிறது. கடைசியாக நான் பார்த்தபோது இப்படி எழுதியிருந்தது: 'சார்ஜிங் 14.1. அல்ஹம்துலில்லாஹ்.'